அறுபது பேருக்கான கேக்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். நான், என் கணவர், அன்று ஒரு வயது முடிந்த எங்கள் மகள், அம்மா, தங்கச்சி, ஸ்காபரோவிலிருந்து வந்த அன்ரி, அவவைக் காரில் கொண்டுவந்த அங்கிள், பேக்கரிக்காரர், பேக்கரிக்காரரின் மனைவி. இதில் மகள் பாதி நேரம் நித்திரை.

இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த அன்ரி பிறகு இந்தக் கதையை ஸ்காபரோ முழுக்கச் சொன்னபோது, வீட்டில் நாற்பது பேர் இருந்ததாகவும், வெள்ளைக்காரர் வந்து சத்தம் போட்டதாகவும், அம்மா மயங்கி விழுந்ததாகவும் சொல்லியிருக்கிறா. அம்மா விழவில்லை. அவவின் இரண்டு கையும் மாவுக்குள் இருந்தன. விழுவதற்கு அவவுக்கு நேரமில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் கனடாவில், ரெக்ஸ்டேலில், ஒரு அப்பார்ட்மென்டின் பதினோராம் மாடியில் இருந்தோம். கணவர் வேலைசெய்த தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். மாதாமாதம் ஒழுங்காக வந்த ஒரே சம்பளம் தங்கச்சியுடையது. அவள் மிசிசாகாவில் ஒரு போர்த்துக்கீசப் பேக்கரியில் கவுண்டரில் நின்றாள். அந்த வேலை போனால் வாடகை போகும், வாடகை போனால் வீடு போகும். நான் ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது இதை ஒருமுறை வரிசைப்படி நினைத்துப் பார்ப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கணக்கு அவ்வளவு வராது, ஆனால் இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் பிழைத்ததே இல்லை.

கவலைப்படுவது என் பிறவிக்குணம். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க இரண்டு முறை பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். ஆனால் தங்கச்சியின் வேலையைப் பற்றிய கவலைக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்த வேலையை அவள் ஒரு பொய்யின்மேல் வாங்கியிருந்தாள்.

முதலில் அந்தப் பேக்கரிக்குப் போனது நான்தான். கண்ணாடியில் ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே போய்க் கேட்டேன். முதலாளியின் மனைவி என்னைப் பார்த்தா. வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று என்றா. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு நாள் கழித்து அந்த வழியால் போன தங்கச்சி அதே கடதாசி அங்கேயே ஒட்டியிருப்பதைக் கண்டு உள்ளே போனாள்.

எங்களை ஒரு தாயின் பிள்ளைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். நான் அப்பாவைப்போல நல்ல கறுப்பு. அவள் வெள்ளை, தலைமயிர் மண்ணிறம், கண் பூனைக்கண். ஊரில் சின்ன வயதில் அவளை ஆஸ்பத்திரியில் மாற்றித் தந்துவிட்டார்கள் என்று பகிடி பண்ணுவார்கள். அவள் அழுவாள். மாற்றினவர்கள் தேடி வந்து அவளைத் திருப்பிக் கேட்பார்களோ என்று நான் பயப்படுவேன்.

முதலாளியின் மனைவியான அந்த அம்மா இவளைப் பார்த்தவுடன் உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு உருண்டை மாவைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருக்கிறா. இவள் பிசைந்து, உருட்டி, எங்கள் அம்மா செய்வதுபோல உள்ளங்கையின் ஓரத்தால் மாவின்மேல் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று அழுத்திக் கோடு போட்டு, துணியால் மூடி வைத்தாள். அப்படிச் செய்தால்தான் மா பொங்கும் என்று அம்மா சொல்வா. உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அதைக் கண்ட அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இதை யார் உனக்குக் காட்டித் தந்தது?" என்று கேட்டா.

"என் அம்மா."

"உன் அம்மா போர்த்துக்கீசப் பெண்ணா?"

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது தங்கச்சி சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, சத்தியமா நான் இல்லை எண்டுதான் சொல்ல வந்தனான். வாய் தன்ரபாட்டில ஓம் எண்டிட்டுது."

"ஐயோ, பிடிச்சினமெண்டா?"

"ஆர் பிடிக்கிறது? பழைய காலத்தில இலங்கைக்கு வந்த குடும்பம், பாஷை மறந்துபோச்சு எண்டு சொல்லிப்போட்டன். அவ என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினவ. நாளைக்குக் காலமை கவுண்டருக்கு வரட்டாம்."

அந்தக் கடையில் எங்களைப்போல நிறமுள்ள இரண்டு பேர் வேலைசெய்தார்கள். இருவரும் பின்பக்கம், அடுப்படியில். கவுண்டரில் நிற்பவர்கள் வேறு மாதிரி இருப்பார்கள். இது எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். நான் அந்தக் கடைக்குப் போகலாம், ஆனால் வாடிக்கையாளராகத்தான் போகவேண்டும். பதினான்கு மாதம் அப்படிப் போனேன். "குட் மோர்னிங் மேடம்" என்பாள். நானும் "குட் மோர்னிங்" என்பேன். ஆறு பணிஸ் கேட்டால் எட்டுப் போடுவாள். அது களவு என்று நான் கடை வாசலிலேயே நின்று எண்ணுவேன். அதைக் கண்ட முதலாளியின் மனைவி எனக்குப் பணிஸ் எண்ணுகிற பெண் என்று பெயர் வைத்திருந்தாவாம். மகளின் பிறந்தநாள் கேக்குக்கு ஓடர் கொடுக்கப் போன அன்றைக்கும் அதே நாடகம். அறுபது பேருக்கான கேக், நூற்றிருபது டொலர், முற்பணம் ஐம்பது. பில் எழுதும்போது தங்கச்சி நிமிர்ந்து பார்த்து, பிள்ளையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். அந்தப் பெயரை வைத்ததே அவள்தான்.

சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, சொந்தத் தங்கச்சியிடம் இன்னும் எத்தனை வருடம் மேடமாக இருப்பது என்று யோசனை வந்தது.

பிறந்தநாள் சனிக்கிழமை. வெள்ளி இரவு தொடங்கிய பனி சனி காலையிலும் விடவில்லை. கணவரின் காருக்குக் கோடைகால ரயர்தான் இருந்தது, அதுவும் தேய்ந்தது. அந்தக் காரில் அந்தக் கேக் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கண்முன்னே தெரிந்தது. தங்கச்சி வயிற்றுவலி என்று கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் ரெலிபோனை எடுத்தேன். கேட்கவேண்டியதை இங்கிலீசில் மூன்றுமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து தரமுடியுமா என்று கேட்டேன். வான் இருக்கிறது, முடியும் என்றா முதலாளியின் மனைவி. விலாசத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு வீட்டு இலக்கத்தை மட்டும் திருப்பி ஒருமுறை கேட்டா. நான் தெளிவாகச் சொன்னேன்.

என் வாழ்க்கையில் ஒரு பிரச்சினையை நானாகத் தீர்த்துவைத்த பெருமையோடு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்த தங்கச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவளுடைய கை அப்படியே நின்றது. "எந்த அட்ரஸ் குடுத்தனி?"

"எங்கட அட்ரஸ்தான். வேற எந்த அட்ரஸைக் குடுக்கிறது?"

"அக்கா! என்ர வேலைப் பேப்பரிலயும் அதுதானே கிடக்கு! மாசாமாசம் அவதானே என்ர செக்குக்கு என்வலப்பில எழுதுறவ!"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். கணவர் கதவடியில் வந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ இஞ்ச வாடகைக்கு இருக்கிற பிள்ளை எண்டு சொல்லுவம்," என்றேன். "அறை ஒண்டு வாடகைக்கு எடுத்திருக்கிறாய். எங்களை அவ்வளவாப் பழக்கமில்லை."

"வாடகை எவ்வளவு எண்டு கேட்டா?" என்றார் கணவர். "கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கோ. பிறகு அதையே உண்மையா வாங்கலாம்."

"உங்களுக்கு எல்லாம் பகிடி!" என்றேன்.

தங்கச்சியும் சிரிக்கவில்லை. சரி, அப்படியே சொல்லுவம் என்றாள்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா எங்களிடம் வந்து எட்டு மாதம்தான். தங்கச்சி பேக்கரியில் வேலை என்பதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவவுக்கு அன்றைக்கு வேறு கவலை இருந்தது. அறுபது பேருக்கு ஸ்காபரோக் கடையொன்றில் சொல்லிவைத்திருந்த சாப்பாடு பனியால் வராது என்று காலையில் அறிவித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் விருந்தாளிகளும் ஒவ்வொருவராகப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். வந்தது அந்த அன்ரியும் அங்கிளும் மட்டும்தான். அன்ரி காஞ்சிபுரம் சேலையும் முழு நகையும் போட்டு, காலுக்குப் பனிச்சப்பாத்தோடு வந்து, சோபாவின் நடுவில் உட்கார்ந்தா. வந்தவர்களையாவது பசியோடு அனுப்பக்கூடாது என்று அம்மா, வெங்காயமும் மிளகாயும் வதக்கிய சீனிச்சம்பலை உள்ளே வைத்துப் பணிஸ் போட மா குழைக்கக் குசினிக்குள் போய்விட்டா.

மூன்று மணிபோல மணி அடித்தது.

பேக்கரிக்காரர் பெரிய பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். பின்னால் மனைவி, மேலங்கியெல்லாம் பனி. அங்கே நடந்த பேச்சு இங்கிலீசில் நடந்தது. இரண்டு பக்கத்து இங்கிலீசும் தட்டுத்தடுமாறி நடக்கிற இங்கிலீசு. நான் இங்கே தமிழில் எழுதும்போது அது நேராக நடப்பதுபோலத் தெரியும்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பச்சைச் சேலை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தங்கச்சியைப் பார்த்தா.

"வயிற்றுவலி எப்படி இருக்கிறது?"

"கொஞ்சம் சுகம்," என்றாள் தங்கச்சி.

"நீ இங்கே வாடகைக்கு இருக்கிறாயா?"

அந்த அம்மா தானாகவே எங்கள் பொய்யை எடுத்துக் கையில் தந்துவிட்டா. தங்கச்சி ஓம் என்று தலையாட்டினால் போதும். நான் மனதுக்குள் ஆட்டு, ஆட்டு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். மகள் அந்த நேரம் பார்த்து அவளுடைய காதுத்தோட்டைப் பிடித்து இழுத்தாள். தங்கச்சி அந்தச் சின்னக் கையை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு முதலாளியின் மனைவியைப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள். "இது என் அக்கா. இது அக்காவின் பிள்ளை. நாங்கள் தமிழர். நான் உங்களுக்குப் பொய் சொன்னேன்."

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். சோபாவிலிருந்த அன்ரி ஒன்றும் விளங்காவிட்டாலும் முன்னுக்குச் சரிந்து உட்கார்ந்தா.

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "ஒரு வருடத்துக்கு மேல் என் கடையில் நின்றாய். இவள் வந்து போவாள். நீ மேடம் என்று சொல்வாய். எங்களைப் பார்த்துச் சிரித்தீர்களா? ஏன் அக்கா என்று சொல்லவில்லை?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் கவலைப்படுகிற ஆள், வாய்காட்டுகிற ஆள் இல்லை. அன்றைக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"முதலில் வந்தது நான்," என்றேன். "வேலை இல்லை என்று சொன்னீர்கள். இரண்டு நாள் கழித்து இவளுக்கு இருந்தது. கடதாசி கண்ணாடியிலேயேதான் இருந்தது. அதனால்தான் அக்கா என்று சொல்லவில்லை."

பேக்கரிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்குத் தெரியாத செய்தி என்று முகத்தில் தெரிந்தது. கேக் பெட்டி இன்னும் அவர் கையில்தான். அதை வாங்கி வைக்கவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அந்த அம்மாதான் எங்கள் கண்ணைப் பார்க்காமல், "இதை எங்கே வைப்பது?" என்று கேட்டா. நான் குசினியைக் காட்டினேன். அவ முன்னால் போக, பெட்டியோடு அவர் பின்னால் போனார்.

குசினி வாசலில் அவ நின்றுவிட்டா.

அம்மா எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தா. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சொருகிய சேலைத்தலைப்பு, முழங்கைவரை மா. பிசைந்த மாவை உருட்டிச் சட்டிக்குள் வைத்து, உள்ளங்கை ஓரத்தால் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று அழுத்தினா. வாய்க்குள் எப்போதும்போல எதையோ முணுமுணுத்தா. துணியை எடுத்து மூடினா.

பேக்கரிக்காரரின் மனைவி அருகே போய், துணியைத் தூக்கிப் பார்த்து, தன் கையால் அந்தச் சிலுவைக்கு மேல் காற்றில் இன்னொரு சிலுவை போட்டு, தானும் எதையோ முணுமுணுத்தா. இருவரும் சொன்னது வேறு வேறு. ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே இடத்தில் மூச்சு.

"யார் சொல்லித் தந்தது என்று கேள்," என்றா தங்கச்சியிடம்.

தங்கச்சி கேட்டாள். அம்மா முன்பின் தெரியாத அந்தப் பெண்ணைப் பார்த்தா, கேக் பெட்டியைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா. "என்ர அப்பா," என்றா.

எங்களுக்குத் தெரிந்த கதையில் அம்மாவுக்கு அப்பாவே இல்லை. அம்மா மட்டக்களப்பில் பிறந்தவ, தாய் தகப்பன் காய்ச்சலில் செத்துவிட்டார்கள், யாரோ ஒரு மாமி வளர்த்து யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்தா. அவ்வளவுதான் கதை.

"என்னம்மா சொல்லுறியள்? எந்த அப்பா?"

"எனக்கு எத்தினை அப்பா? ஒரு ஆள்தான். பேக்கரியில போறணை அடுப்புக்கு முன்னால நிண்டு பாண் போட்டவர். பறங்கி மனிசன். நான் ஏழு வயது மட்டும் அவரோடதான் நித்தமும் மா குழைச்சனான். பிறகுதான் அவருக்குக் காய்ச்சல் வந்தது."

பறங்கி என்ற சொல் கேட்டவுடன் சோபாவிலிருந்து அன்ரி எழும்பி வந்து வாசலில் நின்றுவிட்டா. "பறங்கியோ? அதுதானே பாத்தன், உந்தப் பெட்டைக்கு உந்தக் கண் எங்கால வந்ததெண்டு!"

"நீங்கள் இருவது வருசமாப் பாத்தனியள்தானே," என்றா அம்மா. "இப்ப கண்டுபிடிச்சிட்டியள். இனி ஆறுதலா இருங்கோ."

அங்கிள் சத்தமாகச் சிரித்துவிட்டார். அன்ரி திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

தங்கச்சி பேக்கரிக்காரரின் மனைவிக்கு மொழிபெயர்த்தாள். பாவம், தான் கேட்டுக் கிரகிக்க முன்னமே மற்றவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவவுடைய அப்பா பேக்கரியில் வேலைசெய்தார், அவவுடைய அப்பா போர்த்துக்கீச வழி வந்தவர் என்று சொல்லிக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்தினாள். "அவவுடைய அப்பா என்றால், என் அம்மப்பா," என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே இருந்த அரிசி வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

"ஏனம்மா எங்களுக்குச் சொல்லயில்லை?" என்று நான் கேட்டேன்.

"உங்கட அப்பாவுக்குத் தெரியும். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், உது வெளியில போனாக் கலியாணம் குழம்பும் எண்டவர். சரி, அவர் போனாப் பிறகு சொல்லுவமெண்டு இருந்தன். பிறகு உன்ர கலியாணம். பிறகு நீங்கள் கனடாவுக்கு வெளிக்கிட்ட அலுவல். நேரம் கிடைக்கயில்லை."

"முப்பது வருசமா நேரம் கிடைக்கயில்லையோ?"

"இப்பவும் எங்க கிடைச்சது? உந்த மா பொங்கிற நேரம்தான்."

பேக்கரிக்காரரின் மனைவி என்னைப் பார்த்தா. அறையிலே எல்லாரிலும் கறுப்பு நான்தான். "அப்படியென்றால் நீயும்," என்று தொடங்கி நிறுத்தினா.

"நானும்தான்," என்றேன். "அன்றைக்கு வேலை கேட்டு வந்தபோதும் நான் இதே அம்மாவின் மகள்தான்."

தங்கச்சி வாளியிலிருந்து எழும்பினாள். "ஆனால் அன்றைக்கு எனக்கு இது தெரியாது," என்றாள் அவர்களிடம். "இது உண்மையாக இருக்கலாம். நான் சொன்னது பொய்தான். வேலையை விடச் சொன்னால் விடுகிறேன்."

எனக்கு வாடகை, வீடு என்று அந்தக் கணக்கு மனதில் ஓடத் தொடங்கியது. அவளுடைய வாயைப் பொத்தலாமா என்று நினைத்தேன். பேக்கரிக்காரர் கேக் பெட்டியைக் கடைசியில் மேசையில் வைத்து, கையை உதறினார்.

"திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தட்டுகள் தாங்களாக ஏறி அடுக்கில் இருக்காது," என்றார். "வயிற்றுவலி அதற்குள் மாறவேண்டும்."

அவருடைய மனைவி கொஞ்சம் பொறுத்து மேலங்கியைக் கழற்றி, சட்டைக்கையை மடித்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பணிஸ் உருட்டத் தொடங்கினா. சீனிச்சம்பலை விரலால் தொட்டு ருசி பார்த்து, கண்ணில் தண்ணீர் வந்து, இன்னும் கொஞ்சம் கேட்டா. நடுவில் நித்திரையாகிப்போன மகள் எழும்பியதும் மெழுகுதிரி கொளுத்தினோம். அறுபது பேருக்கான கேக்கை ஒன்பது பேர் வெட்டினோம். அன்ரி நாலு பெரிய துண்டு பெட்டியில் கட்டிக்கொண்டு போனா. கேக்கோடு சேர்த்துக் கதையையும் கொண்டு போகிறா என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா மட்டும், "வடிவாச் சொல்லச் சொல்லு, போறணையில வேலை செய்தவர் எண்டதை விட்டுப்போட வேண்டாம்," என்றா.

அவர்கள் வெளிக்கிடும்போது கணவர் காசை எடுத்தார். மீதி எழுபது டொலர். வீடு முழுக்கத் தேடியும் முப்பத்தைந்துதான் சேர்ந்தது. விருந்தாளிகள் தருகிற என்வலப்பை நம்பியிருந்தோம், விருந்தாளிகளோ வரவில்லை. நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்க, அந்த அம்மா முப்பத்தைந்தை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, "மிச்சத்தை அக்கா கொண்டுவரட்டும்," என்றா. "முன்வாசலால்."

செவ்வாய்க்கிழமை காசை என்வலப்பில் போட்டுக்கொண்டு போனேன். கவுண்டரில் நின்ற தங்கச்சி, "வா அக்கா," என்று கடை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். என்வலப்பை நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்காமல் என் கையில் ஒரு உருண்டை மாவைத் தந்தா. பதினான்கு மாதம் பிந்தித்தான், ஆனாலும் தந்தா. நான் பிசைந்து, உருட்டி, கோடு போட்டு மூடினேன். எங்கே நிற்க விருப்பம் என்று கேட்டா. கவுண்டரில் மிச்சக்காசு எண்ணிக் கொடுக்கப் பயம் என்றேன். உள்ளே நாலு வருடம் வேலைசெய்தேன், விருப்பப்பட்டுத்தான்.

ஒவ்வொரு சம்பள நாளும் அந்த என்வலப்பை நீட்டுவேன். ஒவ்வொரு முறையும், "அடுத்த கிழமை," என்பா. பிறகு அவர்கள் கடையை விற்றுவிட்டுத் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். என்வலப் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நித்திரை வராது. தரவேண்டியது முப்பத்தைந்து டொலர்.